யூத இன அழிப்பு: மாணவர் கையில் முதலில் எதைக் கொடுப்பது?

யூத வெறுப்பையும், நாஜி ஜெர்மனி நடத்திய யூத இன அழிப்பான ஹோலோகாஸ்ட்டையும் பற்றி மாணவர்களை எழுத வைக்கப் பலர் முதலில் எடுப்பது கற்பனைப் பயிற்சி: "ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குப் போகும் ரயிலில் நீ இருக்கிறாய், அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுது." இது வேண்டவே வேண்டாம். வாஷிங்டனில் உள்ள அமெரிக்க ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகமும் இப்படி நடித்துப் பார்க்கும் பயிற்சிகளைத் தவிர்க்கச் சொல்கிறது. அழுகை வரும், சரி. ஆனால் நடந்தது என்ன என்று ஒரு வரி கூடக் கூடுதலாகத் தெரியாது.

அடுத்தது, நாஜிகளிடமிருந்து ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு. கிட்டத்தட்ட தன் வயதுப் பெண் என்பதால் மாணவர் உடனே ஒட்டிக்கொள்வார். ஆனால் கடைசிப் பதிவு 1944 ஆகஸ்ட் 1. மூன்றாம் நாள் கைது, 1945 தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் மரணம். இரண்டும் நாட்குறிப்புக்கு வெளியே நடந்தவை. அதை மட்டும் படித்து எழுதும் கட்டுரையில் கொன்றவர்கள் வர மாட்டார்கள்.

அதனால் நான் வான்சே கூட்டக் குறிப்புக்கு வருகிறேன். 1942 ஜனவரி 20, பெர்லினில் ஏரிக்கரை மாளிகை ஒன்றில் நாஜி எஸ்எஸ் படையின் உயர் அதிகாரி ஹைட்ரிஷ் தலைமையில் 15 பேர் கூடினார்கள். குறிப்பைத் தயாரித்தவர் அவருக்குக் கீழ் இருந்த அதிகாரி ஐக்மன். அதில் எந்த நாட்டில் எத்தனை யூதர்கள் என்று நாடுவாரியாக ஒரு பட்டியல்: இங்கிலாந்து 3,30,000, அல்பேனியா 200, மொத்தம் 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல். எஸ்டோனியாவுக்கு நேரே எண்ணே இல்லை, "யூதர் அற்றது" என்று மட்டும் இருக்கிறது. கொல்லப்போகிறோம் என்று எங்கேயும் நேராகச் சொல்லவில்லை. வேலை வாங்கும்போது பெரும்பகுதியினர் "இயற்கையாகக் குறைவார்கள்", மிஞ்சுகிறவர்கள் "தக்கபடி நடத்தப்பட வேண்டும்".

நடத்தப்பட வேண்டும், சரி, யாரால்? செயப்பாட்டு வினை செய்தவனை எப்படி ஒளித்துவைக்கிறது என்று இங்கே கண்ணால் பார்க்கலாம். அப்புறம் மாணவர் தன் கட்டுரையையே திருப்பிப் பார்க்கட்டும். "60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள்" என்று அவரும் எழுதியிருப்பார். எழுவாயைப் போட்டு அதைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். யார், எங்கே, யார் உத்தரவில் என்று தேடாமல் அந்த வாக்கியத்தை முடிக்க முடியாது.

இதிலும் ஆபத்து உண்டு. கொன்றவனின் மொழி கையில் ஒட்டிக்கொள்ளும். 'யூதப் பிரச்சினை' என்று மேற்கோள்குறி கூட இல்லாமல் எழுதிவிடுவார்கள். யூதரைப் பட்டியலில் ஓர் எண்ணாகவே பார்க்கப் பழகிவிடும்.

ஆகவே இதைத் தனியாகக் கொடுக்காதீர்கள். கூடவே ரிங்கல்ப்ளூம் காப்பகத்திலிருந்து ஒரு தாளைக் கொடுங்கள். வார்சாவில் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ பகுதியில் அடைபட்ட வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கல்ப்ளூமும் தோழர்களும் ரகசியமாகச் சேர்த்தது அது. வாக்குமூலங்களோடு ரேஷன் சீட்டு, மிட்டாய்த் தாளைக் கூட விடாமல் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் புதைத்தார்கள். ஒரு பகுதி 1946இலும் இன்னொன்று 1950இலும் தோண்டி எடுக்கப்பட்டன.

வான்சே கூட்டம் நடந்த அதே ஜனவரியில் போலந்தில் நாஜிகள் நடத்திய ஹெல்ம்னோ கொலை முகாமிலிருந்து ஒருவர் தப்பினார். நச்சுவாயு வண்டிகளிலிருந்து இறக்கப்பட்ட உடல்களைப் புதைக்கும் வேலையை அவரிடம் வாங்கியிருந்தார்கள். அவர் வார்சாவில் சொன்னதை அந்தக் குழு எழுதி வைத்தது. அந்த வாக்குமூலத்தையும் "தக்கபடி" என்ற சொல் உள்ள பக்கத்தையும் ஒரே மேஜையில் வைத்துவிட்டு, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று மாணவரை எழுதச் சொல்லுங்கள்.