பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: வீட்டிலேயே பிரித்துக் கட்டுவதா, இன்னொன்றை வாங்கி மாட்டுவதா?

இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாறும்போது எஞ்சின் இரைச்சல் மட்டும் ஏறி, வண்டி வேகமெடுக்காமல் போகத் தொடங்கியபோது, என் முன் மூன்று வழிகள் இருந்தன. பட்டறையில் ஒப்படைக்கலாம், உடைக்கப் போட்ட காரிலிருந்து கழற்றிய கியர்பாக்ஸை வாங்கி மாட்டலாம், அல்லது நானே பிரித்துக் கட்டலாம். மூன்றாவதைத்தான் செய்தேன் என்பதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

பட்டறையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. செலவு கூடும், உத்தரவாதம் கிடைக்கும். தினமும் அந்தக் காரையே நம்பியிருப்பவருக்கு அதுதான் பொருத்தம்.

உடைப்புக் காரின் கியர்பாக்ஸ் மலிவானது, வேலையும் விரைவில் முடியும். ஆனால் முடிவைத் தீர்மானித்தது ரப்பர் சீல். கிளட்ச் பிளேட்டுகளை அழுத்தும் பிஸ்டனுக்குப் பின்னால் ஆயில் அழுத்தத்தைத் தேக்கி வைப்பது அந்தச் சீல்தான். அது ஓடிய தூரத்தால் மட்டுமன்றி, வெப்பத்தாலும் வயதாலும் இறுகிப்போகிறது. இறுகியதும் ஆயில் கசிந்து, அழுத்தம் குறைந்து, பிளேட்டுகள் வழுக்கிக் கருகுகின்றன. என் காரில் ரிவர்ஸும் தாமதமாகவே பிடித்தது. அந்த அமைப்பில் மூன்றாம் கியருக்கும் ரிவர்ஸுக்கும் ஒரே கிளட்ச் என்பதால், கோளாறு எங்கே என்பது பிரிக்கும் முன்பே ஓரளவு புலப்பட்டது. பிரித்துப் பார்த்தபோது பிளேட்டுகள் கருகியிருந்தன. சீலை வளைத்தபோது பிளாஸ்டிக் போல ஒடிந்தது. அதே மாடல் காரிலிருந்து வரும் கியர்பாக்ஸ், குறைந்த தூரமே ஓடியதாக இருந்தாலும், அதன் சீல்களுக்கும் ஏறக்குறைய அதே வயதுதானே?

வீட்டில் கட்டுவதில் கடினம் அறிவைவிடச் சுத்தத்தில்தான் இருக்கிறது. நூல் பிரியும் துணியால் துடைத்தால், அந்த இழையே வால்வ் பாடியில் (ஆயிலை உரிய கிளட்சுக்குத் திருப்பிவிடும் வால்வுகள் அடங்கிய பகுதி) ஒரு வால்வைச் சிக்க வைக்கலாம். வாஷர்களைத் தற்காலிகமாக ஒட்டி நிறுத்துவதற்குக் கிரீஸைத் தவிர்த்து வாஸ்லைன் பூச வேண்டும். அது சூடான ஆயிலில் கரைந்துவிடும். புதிய பிளேட்டுகளை முன்கூட்டியே ஆயிலில் ஊறவைத்து, அடுக்கிய பின் இடைவெளியை ஃபீலர் கேஜால் (நுண்ணிய இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து, மூடும் முன் காற்றழுத்தம் கொடுத்து ஒவ்வொரு பிஸ்டனும் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையில்தான் நான் மடித்து நுழைத்துவிட்ட ஒரு சீல் பிடிபட்டது. ஒரு மாலை முழுவதும் வீணானாலும், வண்டியில் ஏற்றிய பிறகு தெரிந்திருந்தால் அது எத்தனை மாலைகளை விழுங்கியிருக்குமோ.

எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் பற்றவைத்து மூடப்பட்டது, வீட்டில் திறக்க இயலாது. அதை மாற்றினேன், ஆயிலைக் குளிர்விக்கும் கூலரையும் அதன் குழாய்களையும் கழுவினேன். கன்வெர்ட்டர், கியர்பாக்ஸின் ஆயில் பம்பில் முழுமையாக அமராமல், கியர்பாக்ஸை எஞ்சினோடு பிணைக்கும் போல்ட்டுகளை இறுக்கினால் பம்ப் உடைந்துவிடும் என்பதால், அங்கே அவசரம் கூடாது.

என் அனுபவம் முழுக்க ஹைட்ராலிக்கால் இயங்கும் ஒரே ஒரு மூன்று கியர் அமைப்போடு நிற்கிறது. சோலனாய்டுகளும் (மின்சாரத்தால் இயங்கும் வால்வுகள்) கணினியும் உள்ள கியர்பாக்ஸுக்கு இதே துணிச்சலுடன் பரிந்துரைக்க மாட்டேன். வெளிக்கூடோ உள்ளே கிளட்ச் பிளேட்டுகளைத் தாங்கும் டிரம்மோ விரிசல் விட்டிருந்தால் உடைப்புக் கியர்பாக்ஸ்தான் வழி. அப்போதும், அதன் சீல்களை மாற்றாமல் வண்டியில் ஏற்ற மாட்டேன்.