மேக்ஸ்கெய்னா, வழக்கமான கடனா? வீட்டுக் கடனைச் சீக்கிரம் அடைக்க நினைப்பவர்களுக்கு ஒரு மதிப்புரை

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் கிளைகளில் வீட்டுக் கடன் கேட்டுப் போனால், பெரும்பாலும் வழக்கமான தவணைக் கடனுக்குத்தான் விண்ணப்பம் கொடுப்பார்கள். ஓவர்டிராஃப்ட் வகைக் கடன் என்று ஒன்று இருப்பதை நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். ஸ்டேட் பாங்கின் மேக்ஸ்கெய்ன் அந்த வகையில் அதிகம் பேருக்குத் தெரிந்தது. பாங்க் ஆஃப் பரோடாவில் ஹோம் லோன் அட்வான்டேஜ் என்ற பெயரில் இதே மாதிரியான ஒன்று உண்டு. காலத்துக்கு முன்பே கடனை முடிக்க நினைப்பவர்களுக்கு இந்த வகை உதவுமா, அல்லது வழக்கமான கடனில் அவ்வப்போது அசலைக் கூடுதலாகக் கட்டினாலே போதுமா என்பதைத்தான் இங்கே எடை போடுகிறோம்.

மேக்ஸ்கெய்னில் கடன் கணக்கே ஓவர்டிராஃப்ட் கணக்காகத் திறக்கப்படும். மாதத் தவணை வழக்கம்போல் உண்டு. அதற்கு மேல் எவ்வளவு பணத்தையும் அந்தக் கணக்கில் போட்டு வைக்கலாம், வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். போட்ட நாளிலிருந்து எடுக்கும் நாள்வரை அந்தத் தொகைக்குக் கடன் வட்டி ஓடாது. 8.75 சதவீதக் கடனில் 3 லட்சம் ரூபாய் ஓராண்டு கிடந்தால் வட்டியில் 26,250 ரூபாய் மிச்சம். வருமானமாகக் கையில் வருவதில்லை என்பதால் இந்த மிச்சத்துக்கு வருமான வரியும் கிடையாது. அதே 3 லட்சத்தை வைப்பு நிதியில் போட்டால் வட்டியும் குறைவு, அதற்கு வரியும் உண்டு.

இதற்கு விலை, சற்றுக் கூடுதலான வட்டி விகிதம். கையெழுத்துப் போடும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். 30 லட்சம் கடன். வழக்கமான வகையில் 8.5 சதவீதம், ஓவர்டிராஃப்ட் வகையில் 8.75 என்று வைத்துக்கொள்வோம். கால் சதவீதம் என்பது முதல் ஆண்டில் 7,500 ரூபாய். அதை ஈடுகட்ட ஆண்டு முழுவதும் சராசரியாக 86,000 ரூபாய் அந்தக் கணக்கில் கிடக்க வேண்டும். வித்தியாசம் 0.40 சதவீதம் என்றால் ஏறக்குறைய 1,35,000 ரூபாய். இவ்வளவு பணம் நிரந்தரமாக ஒதுங்கி நிற்காத குடும்பத்துக்கு மேக்ஸ்கெய்ன் நஷ்டம்தான்.

யாருக்கு லாபம்? வருமானம் ஒரே சீராக வராதவர்களுக்கு. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பரை நம்பியிருப்பவர்களுக்கு மழை விடாமல் பெய்தாலும், இலை உதிர்ந்து தளிர்க்கும் மாதங்களிலும் பால்வெட்டு நின்றுபோகும். விசைப்படகுக்காரர்களுக்கு மேற்குக் கடற்கரையில் குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நல்ல மாதங்களில் வந்ததைக் கடன் கணக்கில் போட்டு வைத்து, வரவு நின்ற மாதங்களில் அதிலிருந்தே எடுத்துத் தவணையையும் வீட்டுச் செலவையும் பார்த்துக்கொள்ளலாம். வழக்கமான கடனில் அசலுக்குக் கட்டிய பணம் திரும்பி வராது. அவசரத்துக்கு நகையைத்தான் அடகு வைக்க வேண்டியிருக்கும்.

குறைகளும் உண்டு. எடுத்துக்கொள்ளக்கூடிய பணம் என்பதே முதல் குறை. வீட்டில் ஒரு கல்யாணம் வந்தாலோ, பக்கத்து மனை விலைக்கு வந்தாலோ கை அங்கேதான் போகும். கட்டுப்பாடு இல்லாதவர்களுக்குக் கடன் காலத்துக்கு முன்பே முடியாது, கடைசி ஆண்டுவரை ஓடும். அடுத்தது, கணக்கைப் படிப்பதில் உள்ள சிரமம். அனுமதி வரம்பு மாதாமாதம் அட்டவணைப்படி இறங்கும். எடுக்கக்கூடிய இருப்பு என்று வேறொரு எண் இருக்கும். நிலுவை மைனஸ் குறியோடு வரும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால், எவ்வளவு அடைத்திருக்கிறோம் என்பதே புரியாது. கூடுதலாகப் போட்ட பணம் அசலை அடைத்ததாக ஆகாது என்பதால், பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் அதை அசல் கட்டியதற்கான வரிக் கழிவில் காட்டவும் முடியாது.

மாதச் சம்பளக்காரர்களுக்கு, அதாவது ஆசிரியர், அரசு ஊழியர், தனியார் மருத்துவமனை ஊழியர் போன்றோருக்கு, எங்கள் பரிந்துரை வழக்கமான மாறும் வட்டிக் கடன்தான். தனிநபர் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. நிலையான வட்டிக் கடனுக்கு இந்தப் பாதுகாப்பு எல்லா இடத்திலும் கிடையாது. ஒப்பந்தத்தில் கடனை முன்கூட்டி அடைப்பது பற்றிய பத்தியைப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

பலன் எவ்வளவு என்றால்: 30 லட்சம், 8.5 சதவீதம், 20 ஆண்டு. தவணை 26,035 ரூபாய். முதல் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 4,785 மட்டும். தொடக்கத்திலேயே ஒரு லட்சம் கூடுதலாகக் கட்டித் தவணையை மாற்றாமல் விட்டால், கடன் கிட்டத்தட்ட 20 மாதம் முன்னதாக முடியும், வட்டியில் 4 லட்சத்துக்குச் சற்று மேல் மிச்சம். அதே ஒரு லட்சத்தைப் பத்தாம் ஆண்டு முடிவில் கட்டினால் குறைவது ஒன்பது மாதத்துக்கும் சற்றுக் குறைவு, மிச்சம் 1.27 லட்சம். ஆண்டுதோறும் ஒரே ஒரு தவணைத் தொகையைக் கூடுதலாகக் கட்டிவந்தால் ஏறக்குறைய 40 மாதம் குறையும். 6 லட்சத்துக்கு மேல் வட்டி மிஞ்சும். போனஸ், ஊதிய நிலுவை எல்லாம் முதல் ஐந்தாறு ஆண்டுகளில் அசலுக்குப் போகட்டும். வேகம் அங்கேதான் இருக்கிறது.

கூடுதலாகக் கட்டியதும், தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று கேட்பார்கள். மேலே சொன்ன முதல் ஒரு லட்சத்துக்குத் தவணையைக் குறைத்தால் மாதம் 868 ரூபாய்தான் இறங்கும், 20 ஆண்டில் மிச்சம் 1.08 லட்சம். காலத்தைக் குறைத்தால் 4 லட்சம். அதனால் காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். சில இடங்களில் நாம் எதுவும் சொல்லாவிட்டால் தவணையைக் குறைத்துவிடுவார்கள். வேலை நிலை உறுதியில்லாதவர்கள் குறைந்த தவணையை ஏற்றுக்கொண்டு, மிச்சமாகும் தொகையை மாதாமாதம் அசலுக்கே கட்டலாம். பலன் ஏறக்குறைய அதேதான், கஷ்ட காலத்தில் கட்டாயத் தொகை குறைவாக இருக்கும்.

வட்டி இறங்கும்போதும் இதே விதி. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 2025-இல் 6.5 சதவீதத்திலிருந்து 5.25-க்கு இறங்கியது. ரெப்போவோடு இணைந்த கடன் வைத்திருப்பவர்கள் பழைய தவணையையே தொடர்ந்தால், கைக்காசு போடாமலே மாதங்கள் குறையும். 2019 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன் இன்னும் எம்சிஎல்ஆர் முறையிலேயே (வங்கி தன் நிதிச் செலவை வைத்து வட்டியை நிர்ணயிக்கும் பழைய முறை) கிடந்தால், ரெப்போ முறைக்கு மாற்றக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, அசலைக் கூடுதலாகக் கட்டும் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் இடத்தில் நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு. கூடுதல் தொகையை அசலில் கழிக்காமல், வரப்போகும் தவணைகளுக்கான முன்பணமாக வரவு வைத்துவிடுவது. அப்படி நடந்தால் அசல் குறையாது, வட்டியும் குறையாது. அடுத்த மாதத் தவணை மட்டும் பிடிக்கப்படாமல் இருக்கும். நெட் பாங்கிங்கில் அசலின் ஒரு பகுதியை முன்கூட்டி அடைக்கும் (பார்ட் ப்ரீபேமென்ட்) தனித் தெரிவு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் கிளையில் கடன் கணக்கு எண், தொகை, “அசலில் கழிக்கவும், காலத்தைக் குறைக்கவும்” என்ற வரி இவற்றோடு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். ஒரு வாரத்தில் கணக்கு அறிக்கை எடுத்து அசல் நிலுவை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டிய அசல், கட்டிய வட்டி, மீதமுள்ள தவணைகளின் எண்ணிக்கை, ஆண்டு வட்டி விகிதம் ஆகியவற்றோடு காலாண்டு அறிக்கை தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் உத்தரவு. வரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

வரியைக் காரணம் காட்டிக் கடனை இழுத்துக்கொண்டிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய வரி முறையில், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவே இல்லை. பழைய முறையிலும் ஆண்டுக்கு 2 லட்சம்தான் உச்சம். மேலே சொன்ன 30 லட்சக் கடனில் முதல் ஆண்டு வட்டி இரண்டரை லட்சத்தைத் தாண்டும். கல்ஃபில் வேலை பார்ப்பவர்கள் என்ஆர்இ கணக்கிலிருந்தே (வெளிநாட்டு வருமானத்தைப் போட்டுவைக்கும் வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கு) கடனுக்குக் கட்டலாம். என்ஆர்இ வைப்பு வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பது உண்மைதான், ஆனாலும் அந்த விகிதம் கடன் வட்டியைவிடக் குறைவாக இருந்தால் கடனை அடைப்பதே லாபம். ஆறு மாதச் செலவுக்கான பணத்தை மட்டும் தொடாதீர்கள்.

கடன் முழுதும் முடிந்ததும் வேலை முடிந்துவிடாது. அசல் ஆவணங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இதுதான் விதி. கடன் வாங்கும்போது ஒப்படைத்த ஆவணங்களின் பட்டியலைப் பத்திரமாக வைத்திருந்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்குங்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், பிறகு உருவான திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மாவட்டம் இது. கல்குளம், விளவங்கோடு பக்கம் பல மனைகளின் முன் ஆவணங்கள் மலையாளத்தில் எழுதப்பட்டவை. அதில் ஒன்று தொலைந்தால், பின்னால் விற்கும்போது அந்தக் காலத்து உரிமைத் தொடர்ச்சியை நிரூபிக்க அலைய வேண்டிவரும். கடன் வாங்கியபோது ஆவண ஒப்படைப்பைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருந்தால், அதை நீக்க ரசீது ஆவணமும் பதிவாக வேண்டும். அதற்கு வங்கி அதிகாரி நேரில் வர வேண்டியிருக்கலாம், நாளை முன்பே பேசி வையுங்கள். பதிவான பிறகு புதிதாக வில்லங்கச் சான்று போட்டு, அந்த ரசீதின் பதிவு அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கோப்பை மூட வேண்டும்.