டபரா மேல் ஓடும் ஸ்டெர்லிங் எஞ்சின்: ஒரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

மேசைமேல் வைத்து ஓட்டிப் பார்க்கும் சிறிய ஸ்டெர்லிங் எஞ்சின் ஒன்றை ஏப்ரல் கடைசியில் இணையத்தில் 3,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பதினோராம் வகுப்பில் வெப்ப இயக்கவியல் படிக்கும் மகளுக்காக வாங்கியது என்றாலும், இந்த ஒரு மாதத்தில் அவளைவிட நானே அதன் முன்னால் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறேன். சூடான தேநீர்க் கோப்பையின் மேல் வைத்தால் சக்கரம் சுழலும். தேநீர் ஆறினால் நின்றுவிடும். அது செய்யும் வேலை இவ்வளவுதான். ஆனால் உயிர் என்பது எதைக்கொண்டு ஓடுகிறது, இந்தப் பிரபஞ்சம் கடைசியில் என்னவாகும் என்ற இரண்டு கேள்விகளையும் கையில் எடுத்துப் பார்க்கும்படி வைத்த வேறு பொருளை நான் கண்டதில்லை. ஆகவே குறை நிறை இரண்டையும் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பற்றி. ஏறக்குறைய ஒன்பது செண்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு அலுமினியத் தட்டுகள், அவற்றுக்கு நடுவே ஒளி ஊடுருவும் அக்ரிலிக் வளையம், அதற்குள் மேலும் கீழும் நகரும் லேசான நுரைத்தட்டு, மேல்தட்டின் மீது விரல் நுனி அளவுள்ள கண்ணாடிக் குழாயில் ஒரு பிஸ்டன், இவை இரண்டையும் இணைக்கும் கிராங்க் என்னும் வளைந்த தண்டு, அதன் அச்சில் ஒரு சக்கரம். உள்ளே இருப்பது வெறும் காற்று. நுரைத்தட்டு மேலே போகும்போது காற்று கீழே உள்ள சூடான தட்டின் பக்கம் வந்து விரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. நுரைத்தட்டு கீழே இறங்கும்போது அதே காற்று மேலே உள்ள குளிர்ந்த தட்டைத் தொட்டுச் சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனை உள்ளே இறக்குகிறது. அக்ரிலிக் வழியாக இது முழுவதையும் கண்ணால் பார்க்க முடிகிறது என்பதே இந்த மாதிரியின் பெரிய சிறப்பு. உலோக உருளை மூடிய மாதிரிகள் சற்றுக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. அவற்றை வாங்க வேண்டாம்.

பெட்டியைத் திறந்தபோது நுரைத்தட்டைத் தாங்கும் கம்பி லேசாக வளைந்திருந்தது. விற்றவருக்கு எழுதினேன், ஐந்து நாள் பதில் இல்லை. கம்பியைக் கழற்றி, கண்ணாடி மேசைமேல் வைத்து உள்ளங்கையால் உருட்டி நானே நேராக்கிக்கொண்டேன். பொறுமையில்லாதவர்களுக்கு இது பெரிய குறைதான்.

அடுத்து, விற்பனைப் பக்கத்தில் இருந்த இரண்டு வாக்கியங்கள். ஒன்று, “எரிபொருள் இல்லாமல் ஓடும்” என்பது. இது தவறு. தேநீரைக் கொதிக்க வைத்தது எங்கள் வீட்டு கேஸ் அடுப்பு. அந்த வாயு மண்ணுக்குள்ளிருந்து வந்த பெட்ரோலியத்திலிருந்து பிரித்தது. அந்தப் பெட்ரோலியம் பல கோடி ஆண்டுகளுக்கு முன் சூரிய ஒளியில் வாழ்ந்த கடல் நுண்ணுயிர்களின் எச்சம். எரிபொருள் டபராவுக்குள் ஒளிந்திருக்கிறது, அவ்வளவே.

மற்றொன்று, “உள்ளங்கைச் சூட்டிலேயே ஓடும்” என்பது. சென்னையில், மே மாதத்தில், 33 டிகிரி இருந்த அறையில், மகளும் நானும் மாறி மாறி உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தோம். சக்கரத்தைத் தட்டிவிட்டால் நான்கு சுற்று சுற்றி நின்றது. பொருள் பழுது என்றே முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. உள்ளங்கைத் தோலின் வெப்பம் 34 டிகிரி அளவில் இருக்கும், அறையோ 33. இடையில் ஒரு டிகிரி. ஊட்டியில் குளிர்காலக் காலை நேரத்தில் இதே கை இதே எஞ்சினை ஓட்டக்கூடும். எஞ்சினை ஓட்டுவது சூடு என்று நாம் சொல்கிறோம். உண்மையில் சூட்டுக்கும் குளிருக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் அதை ஓட்டுகிறது.

இதை மகள் ஒரு கணக்காகப் போட்டாள். எங்கள் அறையின் கொள்ளளவு 36 கன மீட்டர். அதில் உள்ள காற்றின் எடை சுமார் 41 கிலோ. அதன் மூலக்கூறுகளின் அசைவில் அடங்கியுள்ள வெப்ப ஆற்றல் சுமார் 9,000 கிலோஜூல். 200 மில்லி தேநீர் 92 டிகிரியிலிருந்து அறை வெப்பத்துக்கு ஆறும்போது வெளியே விடுவது சுமார் 50 கிலோஜூல்தான். அறைக்காற்றிடம் 180 மடங்கு ஆற்றல் இருக்கிறது, ஆனால் அதைக்கொண்டு இந்தச் சக்கரத்தை ஒரு சுற்றுகூடச் சுற்ற முடியாது. தேநீரால் முடிகிறது. ஆற்றல் எவ்வளவு இருக்கிறது என்பதும், அதில் எவ்வளவு வேலைக்கு உதவும் என்பதும் வேறு வேறு என்பதைப் பாடப்புத்தகம் சமன்பாட்டில் சொல்லும்போது தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். அசையாத சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் அது உள்ளே இறங்குகிறது.

இந்த எஞ்சின் வகையை ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டெர்லிங் உருவாக்கியது 1816-இல். இரண்டு வெப்பநிலைகளுக்கு இடையே ஓடும் எந்த எஞ்சினும், பெறும் வெப்பத்தில் எவ்வளவு பங்கை வேலையாக மாற்றலாம் என்பதற்குத் தாண்ட முடியாத ஓர் எல்லை உண்டு என்று பிரான்சின் சாடி கார்னோ காட்டியது 1824-இல். அந்த எல்லைப்படி என் டபராவில் உள்ள தேநீர் 92 டிகிரியிலும் அறை 33 டிகிரியிலும் இருக்கும்போது அதிகபட்சத் திறன் 16 சதவீதம். இந்தச் சிறு பொருள் அதில் மிகச் சிறிய பங்கையே எட்டுகிறது. உள்ளங்கைக்கோ அந்த எல்லையே அரை சதவீதத்தைத் தொடவில்லை. வெப்பம் தானாகச் சூட்டிலிருந்து குளிருக்கே பாயும் என்பதை ஓர் அளவாக மாற்றி, அதற்கு என்ட்ரோபி என்று ஜெர்மன் இயற்பியலாளர் ருடால்ஃப் கிளாசியஸ் பெயர் வைத்தது 1865-இல். ஆற்றல் எவ்வளவு சிதறி வேலைக்கு உதவாமல் போயிருக்கிறது என்பதன் கணக்கு அது. பிரபஞ்சத்தின் என்ட்ரோபி உச்சத்தை நோக்கியே செல்கிறது என்றும் அவர் அப்போதே எழுதினார். தேநீர்ச் சூட்டில் ஓடும் அளவுக்கு இந்த எஞ்சினை நுட்பமாக்கியது மிகப் பின்னால்தான்: ஜாக்ரெப் பல்கலைக்கழகத்தின் ஈவோ கோலின் 1983-இல் இவ்வகை ஒன்றை ஓட்டிக் காட்டினார், அவருக்குப் பின் அமெரிக்காவின் ஜேம்ஸ் சென்ஃப்ட் அரை டிகிரி வித்தியாசத்திலேயே ஓடும் ஒன்றைச் செய்தார். நான் வாங்கியது அந்த நேர்த்திக்கு வெகு தொலைவில் இருக்கிறது.

கையேட்டில் சொல்லப்படாத ஒரு சோதனைதான் இந்த மாதத்தின் சிறந்த அனுபவம். ஓர் இரவு தேநீருக்குப் பதிலாக டபரா நிறைய ஐஸ் கட்டிகளை வைத்து அதன் மேல் எஞ்சினை வைத்தேன். சில நிமிடம் கழித்துத் தட்டிவிட்டதும் சக்கரம் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கியது. மேல்தட்டுக்குச் சூடு கொடுத்தது எது? உள்ளங்கை சோதனையின்போது சும்மா கிடந்த அதே அறைக்காற்று. குளிர்ந்த இடம் ஒன்று கிடைத்தவுடன் அந்தக் காற்றுக்கும் உழைக்க வழி பிறந்துவிட்டது.

நம் பூமியின் நிலையும் இதுதான். உயிர்களுக்குச் சூரியன் ஆற்றல் தருகிறது என்று பள்ளியில் படித்தோம். ஆனால் பூமி சூரியனிடமிருந்து பெறும் ஆற்றலை ஏறக்குறைய அதே அளவில் வெளிவானுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அப்படி அனுப்பாவிட்டால் வெந்துபோவோம். வித்தியாசம் தரத்தில் இருக்கிறது. சுமார் 5,500 டிகிரி வெப்பமுள்ள சூரியப் பரப்பிலிருந்து வரும் ஒவ்வொரு ஒளித்துகளுக்கும் ஏறக்குறைய 20 அகச்சிவப்புத் துகள்களைப் பூமி வெளியேற்றுகிறது. ஒழுங்காக வந்தது சிதறிப் போகிறது. அந்தச் சிதறலுக்கு இடையில்தான் இலை பச்சையம் கட்டுகிறது, புழு நெளிகிறது, நாம் தேநீர் குடிக்கிறோம். மேலே இருண்டு குளிர்ந்த வானம் இல்லாமல், நாற்புறமும் சூரியனைப் போலவே தகித்திருந்தால், எவ்வளவு ஆற்றல் கொட்டினாலும் ஒரு புல்கூட முளைத்திருக்காது. 1943-இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் நிகழ்த்திய உரைகளில் இயற்பியலாளர் எர்வின் ஷ்ரோடிங்கர், உயிர் உண்பது எதிர்மறை என்ட்ரோபியை, அதாவது இன்னும் சிதறாத ஒழுங்கை, என்று சொன்னதன் பொருளை ஐஸ் டபராதான் எனக்குப் புரிய வைத்தது.

உயிர் எவ்வளவு மும்முரமான எஞ்சின் என்பதற்கு இன்னொரு கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை விடுகிறது; 70 கிலோ எடைக்கு அது கிலோவுக்கு ஒன்றரை வாட்டுக்குச் சற்றுக் குறைவு. சூரியன் தன் மொத்த எடைக்கு விடுவதோ கிலோவுக்கு 0.0002 வாட் அளவே. எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் சூரியனைவிட ஏழாயிரம் மடங்கு வேகமாக நாம் வித்தியாசங்களைச் செலவழிக்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. என்ட்ரோபியை விரைவுபடுத்தவே உயிர் தோன்றியது என்று சிலர் எழுதுவதைப் படித்திருக்கிறேன். இதைச் சோதிக்க ஒரே மாதிரி இரண்டு கோப்பைகளில் ஒரே அளவு தேநீர் ஊற்றி, ஒன்றின் மேல் எஞ்சினை வைத்து, மற்றதைத் திறந்தே விட்டேன். அரை மணி நேரத்தில் திறந்த கோப்பை 53 டிகிரிக்கு இறங்கியது. எஞ்சின் ஓடிய கோப்பை 59-இல் நின்றது. காரணம் எளிது: எஞ்சின் மூடிபோல இருந்து நீராவி வெளியேறுவதைத் தடுத்துவிட்டது. வித்தியாசத்தைத் தின்று ஓடும் பொருள் எல்லாமே அதை விரைவில் அழிக்கும் என்று பொதுவிதி சொல்லிவிட முடியாது என்பதற்கு இந்த ஆறு டிகிரி போதும்.

எஞ்சின் நிற்கும் நேரம்தான் என்னை அதிகம் பாதித்தது. கைப்பேசியில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்து எண்ணியபோது, தொடக்கத்தில் நிமிடத்துக்கு 180 சுற்று; தேநீர் ஆற ஆற 120, 80, பிறகு 50. கடைசிச் சுற்றில் கிராங்க் உச்சிக்கு வந்து தயங்கி, தாண்ட முடியாமல் பின்னுக்குச் சரிந்து நின்றது. அப்போது தேநீரில் வெப்பமானியை விட்டுப் பார்த்தால், அறையைவிட இன்னும் 9 டிகிரி சூடு மிச்சம் இருந்தது. எல்லாம் சமமான பிறகு நிற்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். உராய்வைச் சமாளிக்க முடியாத நொடியிலேயே நின்றுவிட்டது. பிஸ்டன் குழாயை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்த பிறகு 7 டிகிரி வரை தாங்கியது.

பிரபஞ்சத்தின் முடிவைப் பற்றி விஞ்ஞானிகள் சொல்லும் கதையிலும் இந்த இடைவெளி உண்டு. சூரியன் இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் வீங்கி, பிறகு சுருங்கி, எரிபொருள் தீர்ந்து மெல்லக் குளிரும் சிறு விண்மீனான வெண்குள்ளனாகும். ஆனால் அது மெல்ல மெல்ல ஒளி கூடிவருவதால் பூமியின் கடல்கள் அதற்கு வெகு முன்பே, சுமார் 100 கோடி ஆண்டு அளவிலேயே வற்றத் தொடங்கும். மிகச் சிறிய செங்குள்ள விண்மீன்கள் பல லட்சம் கோடி ஆண்டுகள் எரியும். சுமார் 100 லட்சம் கோடி ஆண்டுகளில் புதிய விண்மீன்கள் பிறப்பது நின்றுவிடும் என்று மதிப்பிடுகிறார்கள். அதன் பிறகும் கருந்துளைகள் இருக்கும். சூரிய எடையுள்ள ஒரு கருந்துளை ஆவியாகி மறைய, 1-க்குப் பின் 67 பூஜ்யங்கள் போட்டால் வரும் அத்தனை ஆண்டுகள் ஆகும். முழுச் சமநிலை வெகு தொலைவில் இருக்கிறது. உயிரின் சக்கரம் நிற்கக்கூடிய நேரம் அதற்கு வெகு முன்பே வந்துவிடும்.

இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் 1979-இல் இதற்கு ஒரு மாற்று சொன்னார். பிரபஞ்சம் குளிரக் குளிர, உயிரும் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, நீண்ட உறக்கமும் குறுகிய விழிப்புமாக, அளவான ஆற்றலைக்கொண்டே முடிவில்லாமல் சிந்தித்துக்கொண்டிருக்க முடியும் என்பது அவர் வாதம். 50 சுற்றில் ஓடும் சக்கரத்தைப் பார்க்கும்போது அதை நம்பத் தோன்றுகிறது. ஆனால் பிரபஞ்சம் விரிவது வேகமெடுக்கிறது என்று 1998-இல் தெரியவந்த பிறகு அந்த வாதம் தளர்ந்துவிட்டது. வேகமாக விரியும் வெளியின் வெப்பநிலை ஒரு நுண்ணிய அளவுக்குக் கீழே இறங்காது. கழிவு வெப்பத்தைக் கொட்ட மேலும் மேலும் குளிர்ந்த இடம் கிடைத்துக்கொண்டே இருந்தால்தான் டைசனின் உயிர் பிழைக்கும். என் எஞ்சினின் மேல்தட்டும் ஓட ஓடச் சூடேறிவிடுகிறது. ஈரத்துணியால் அதை ஒற்றியெடுத்தால் சக்கரம் கொஞ்சம் வேகமெடுக்கிறது. அங்கே ஒற்றியெடுக்கத் துணி இல்லை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். பிஸ்டனுக்கு எண்ணெய் விடக் கூடாது. ஒரு சொட்டு விட்டாலும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். நம் காபி டம்ளர்களின் வாய் இதற்குக் குறுகியது. டபரா கச்சிதமாகப் பொருந்தும் என்றாலும் ஆழம் குறைவு என்பதால் இருபது நிமிடத்தில் ஆறிவிடுகிறது, ஆகவே நீண்ட நேரம் ஓட்ட வாய் அகன்ற பீங்கான் கோப்பையே நல்லது. மின்விசிறிக் காற்று மேல்தட்டில் படும்படி வைத்தால் நீண்ட நேரம் ஓடும். உதிரிக் கம்பியோ பிஸ்டனோ தனியாகக் கிடைப்பதில்லை. இந்த விலைக்கு அதைக் கொடுத்திருக்க வேண்டும். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைத்த ஒன்றரையும் வளைந்த கம்பிக்கும் விற்பனைப் பக்கத்தின் பொய்யான வாக்கியத்துக்கும்தான். மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர்கள் இதை ஆய்வகத்துக்கு வாங்கி வைத்தால், தேநீரோடு நிறுத்திவிடாமல் அவசியம் ஐஸிலும் ஓட்டிக் காட்டட்டும்.