தென்னந்தோப்புக்கு ஜீரோ டர்னா, பிரஷ் கட்டரா?

அழகர்கோவில் பக்கம் எங்களுக்கு வீட்டோடு சேர்ந்து இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு. ஐப்பசி மழை விழுந்துவிட்டால் கோரையும் பார்த்தீனியமும் முழங்கால் உயரம் வந்துவிடும். உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டுகிற ஜீரோ டர்ன் மெஷின் மேல்தான் முதலில் எனக்கு ஆசை. பின்சக்கரம் இரண்டுக்கும் தனித்தனி ஹைட்ராலிக் டிரைவ், ஒரு கைப்பிடியை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் தள்ளினால் நின்ற இடத்திலேயே திரும்பும், மரத்தைச் சுற்றி வெட்ட அதைவிடச் சுகம் கிடையாது. ஆனால் அது சமமான புல்தரைக்குச் செய்த வண்டி. நம் தோப்பில் மரத்துக்கு மரம் வட்டப்பாத்தி, நடுவில் வாய்க்கால், எங்கு பார்த்தாலும் கல். முன்னால் இருக்கிற சின்னச் சக்கரம் வாய்க்காலில் இறங்கினால் அவ்வளவுதான்.

சரி என்று, தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே வெட்டுகிற 35 சிசி நான்கு ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் வாங்கினேன். இரண்டு ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். முன்பு வைத்திருந்த மெஷினில் வேலைக்கு வந்த தம்பி வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்ட, பிஸ்டன் பிடித்துக்கொண்டது, கடையில் வாரண்டி கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். நான்கு ஸ்ட்ரோக்கில் கலக்கும் வேலையே இல்லை, ஆயில் தனி. அளவை மட்டும் ஸ்டார்ட் செய்யும் முன் பார்த்துவிடுங்கள்.

புல்லுக்கு நைலான் நரம்பு, தடித்த செடிக்கு இரும்பு பிளேடு. இளங்கன்றுக்குப் பக்கத்தில் நைலான்கூட வேண்டாம், பட்டையை உரித்துவிடும், அங்கே கையரிவாள்தான். கண்ணாடியும் பூட்ஸும் இல்லாமல் மெஷினைத் தொடவே தொடாதீர்கள், கல் தெறிக்கும். அப்புறம் இரண்டு தோளிலும் மாட்டுகிற பெல்ட்டாகக் கேட்டு வாங்குங்கள், கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டு.