புரதம்: எடைக் கணக்கா, கலோரிக் கணக்கா?

ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் வேண்டும் என்பதற்கு இரண்டு கணக்குகள் உண்டு: உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை கிராம் என்பது எடைக் கணக்கு, சாப்பிடும் மொத்த கலோரியில் இத்தனை சதவீதம் என்பது கலோரிக் கணக்கு.

எளிமை:
எடைக் கணக்கு ஒரே பெருக்கல்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) பரிந்துரை கிலோவுக்கு 0.83 கிராம், 60 கிலோ என்றால் சுமார் 50 கிராம்.
கலோரிக் கணக்குக்குத் தட்டில் விழும் ஒவ்வொரு கரண்டிச் சோற்றையும் அளக்க வேண்டும். தினமும் யாரால் முடியும்?

நம்பகம்:
கலோரிக் கணக்கில், 2000 கலோரியில் 15 சதவீதம் என்றால் 75 கிராம் (ஒரு கிராம் புரதத்துக்கு 4 கலோரி). டயட் என்று 1200-க்கு இறங்கினால் அதுவே 45 கிராம்தான். தசை கரையக்கூடிய நேரத்தில் புரதத்தையும் குறைப்பது சரியே இல்லை.
எடைக் கணக்கு, பருமனானவர்களுக்குக் கூட்டிக் காட்டும். அவர்கள் உயரத்துக்கேற்ற எடையைப் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டுச் சாப்பாட்டுக்காரர்களுக்கு எடைக் கணக்கே போதும். மொத்தமாகச் சமைக்கும் விடுதிக்குச் சதவீதம் பொருந்தும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் இரண்டும் வேண்டாம், மருத்துவர் சொல்லும் அளவுதான்.