நேரடி வரைபடம்: ஒரே லூப்பிலா, த்ரெட்டிலா, தனி ப்ரொசெஸிலா?

மட்டக்களப்பு வாவிக் கரையில் ஓர் இறால் குளம் என்று வைத்துக்கொள்வோம். கரைந்த ஒட்சிசன், வெப்பநிலை, உப்புத்தன்மை மூன்றையும் சென்சர் யூஎஸ்பி வழியாக மடிக்கணினிக்கு அனுப்புகிறது. பைத்தன் நிரல் அதை வாசித்துக் கோப்பில் எழுத வேண்டும், ஒட்சிசன் இறங்கினால் நீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டரைப் போட வேண்டும், கூடவே திரையில் கோடும் ஓட வேண்டும். ஒட்சிசன் அடிமட்டத்துக்குப் போவது விடியப்புறத்தில். அந்த நேரம் கோடு பிந்தி வந்தால் பரவாயில்லை, வாசிப்பு நின்றால்தான் வினை.

எல்லாவற்றையும் ஒரே லூப்பில், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் ஒரே சுற்றில், வைப்பதுதான் எளிது: வாசி, எழுது, வரை, ஒரு சின்ன பாஸ். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்து ஆய்வுகூடத்தில் நொடிக்கு ஒரு அளவைப் பார்க்க இது போதும். ஒவ்வொரு முறையும் புதுக்கோடு வரையாமல், இருக்கும் கோட்டின் தரவை மட்டும் மாற்றினால் சரி. இல்லையென்றால் நேரம் போகப் போக நிரல் நத்தையாகிவிடும். ஆனால் விண்டோஸில் வரைபடச் சாளரத்தை மவுஸால் பிடித்து இழுத்துப் பாருங்கள். கையை எடுக்கும் வரை லூப்பும் நிற்கும், ஏரேட்டர் கட்டளையும் நிற்கும்.

அடுத்தது த்ரெட், அதாவது ஒரே நிரலுக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் வேலை இழை. பைத்தனில் வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப் நூலகம், பல த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் தொடுவதற்குப் பாதுகாப்பானதல்ல. ஆகவே சாளரத்தைப் பிரதான த்ரெட்டில் விட்டு, வாசிப்பைத் தனி த்ரெட்டுக்குத் தள்ள வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு மேட்பிளாட்லிப்பைத் திட்டுவார்கள். பைத்தனில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டுமே ஓடவிடும் ஜிஐஎல் பூட்டை வரைதல் பிடித்திருக்கும்போது வாசிப்பு காத்திருக்கத்தான் வேண்டும். நொடிக்கு ஒரு அளவென்றால் அது தெரியவே தெரியாது. ஆனால் ஒரு மோட்டாரின் அதிர்வை அளக்கும் சென்சர் 1,15,200 போட் (நொடிக்கு அத்தனை பிட், ஒரு பைட்டுக்குப் பத்து பிட்) வேகத்தில் முழுமூச்சாக அனுப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 11,520 பைட் வரும். அங்கே சின்னத் தாமதமும் சேர்ந்து வலிக்கும். இந்தப் பூட்டே இல்லாத பைத்தன், 3.13 பதிப்பில் சோதனையாக வந்து 3.14இல் முறையான ஆதரவு பெற்றுவிட்டது. ஆனாலும் சாளரம் நொறுங்கினால் வாசிப்பும் கூடவே போகும் என்பது மாறவில்லை.

இறால் குளத்துக்கு நான் தனி ப்ரொசெஸைத் தேர்வது இதனால்தான்: வரைதலைத் தனி நினைவகத்தோடு ஓடும் வேறொரு நிரலாகப் பிரித்துவிட்டால், சாளரம் நொறுங்கினாலும் வாசிப்பு ஓடும். வேகம் அங்கே இரண்டாம் பட்சம்.

தனி ப்ரொசெஸிலும் வழுக்குமிடங்கள் உண்டு. இரு ப்ரொசெஸையும் இணைக்கும் பைப் என்ற குழாய் வழியாகத் தரவை அனுப்பினால், வரையும் பக்கம் வாசிக்காமல் விட்டதும் இடையகம் நிரம்பி, அனுப்பும் பக்கம் அப்படியே உறையும். எதற்குப் பயந்து ஓடினோமோ அதேதான். தரவை வரிசையில் போட்டு வைக்கும் கியூவுக்கு அளவு வைக்காவிட்டால் உறையாது, ஆனால் மெமரி வீங்கிக்கொண்டே போகும். எனவே கியூவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, காத்திருக்காமல் போடுங்கள். நிரம்பியிருந்தால் அந்தப் புள்ளியைத் தூக்கி எறியுங்கள். முழுத்தரவு கோப்பில் இருக்கிறது, திரையில் ஒரு புள்ளி குறைந்தால் யாருக்கும் தெரியாது. அதிர்வு போன்ற வேகமான தரவைப் புள்ளி புள்ளியாக அனுப்பாமல் கட்டாகச் சேர்த்து அனுப்புங்கள், பொதிந்து பிரிக்கும் செலவு குறையும்.

அப்புறம், ப்ரொசெஸைத் தொடங்கும் முறை. விண்டோஸிலும் மேக்கிலும் இயல்பே ஸ்பான், அதாவது பைத்தனைப் புதிதாகத் தொடங்குவது. லினக்ஸில் பைத்தன் 3.13 வரை ஃபோர்க் (ஓடும் ப்ரொசெஸை நகலெடுப்பது), 3.14இலிருந்து ஃபோர்க்சர்வர் (அதற்கென வைத்த தனி ப்ரொசெஸிலிருந்து நகலெடுப்பது). எல்லா இடத்திலும் ஸ்பான் என்றே சொல்லிவிட்டால் தலைவலி குறையும். ஆனால் தொடக்கக் குறியீட்டைப் பிரதான நிரல் காவலுக்குள் (if __name__ == "__main__") வைக்க மறக்கக்கூடாது, லாம்டா என்ற பெயரில்லாச் சார்பை அனுப்பவும் முடியாது.

பைத்தன் 3.8இல் வந்த ஷெயார்ட் மெமரி, அதாவது ப்ரொசெஸ்கள் பகிரும் நினைவகம், கெமரா படங்களுக்கு நல்லது. மூன்று எண்களுக்கு அது வேண்டாத வேலை. பைகியூடிகிராஃப் என்ற இன்னொரு வரைபட நூலகம் மேட்பிளாட்லிப்பைவிட நன்றாகவே வேகமாக வரையும், ஆனால் வாசிப்பை வரைதலிலிருந்து பிரித்துத் தராது.

ஒன்றைக் கட்டாயம் சோதியுங்கள்: கோடு ஓடும்போதே சாளரத்தை மூடுங்கள். கியூவில் மிச்சம் கிடந்தால், பிரதான நிரல் முடியும்போது அந்த மிச்சம் வெளியேறும் வரை காத்துத் தொங்கக்கூடும். கியூவின் ஜாயின் த்ரெட்டை, அதாவது இந்தக் காத்திருப்பை, ரத்துச்செய்துவிட்டால் அது தீரும். வரையும் ப்ரொசெஸ் உயிரோடிருக்கிறதா என்று லூப்பில் அவ்வப்போது பார்த்து, இல்லையென்றால் புதுக் கியூவோடு திரும்ப எழுப்புங்கள். அதற்கிடையில் ஏரேட்டர் பாட்டுக்கு ஓடும்.