லேப்டாப்பைச் சர்வீசுக்குக் கொடுக்கும் முன் அந்த 48 எண்களைத் தேடி வையுங்கள்

கடைக்காரர் "ரெகவர்" செய்து கொடுத்த பென்டிரைவில் 3,000-க்கும் மேல் படங்கள் இருந்தன. ஒன்றுகூட என்னுடையது இல்லை. எல்லாமே விண்டோஸோடு கூட வரும் ஐகான்களும் வால்பேப்பர்களும். இதற்குத்தான் 6,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருந்தேன்.

திருப்பூரில் நான்கு பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். டேலி, ஜிஎஸ்டி வேலை, வீட்டுப் படங்கள் எல்லாம் ஒரே லேப்டாப்பில். ஒரு நாள் காலை பவர் பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை. பக்கத்தில் இருந்த கடையில் கொடுத்தேன். மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றினார்கள். இதுவரை அவர்கள் மீது குறையில்லை.

மாற்றிய பிறகு ஆன் ஆனது, ஆனால் விண்டோஸ் வரவில்லை. நீலத் திரையில் பிட்லாக்கர் (விண்டோஸோடு வரும் டிரைவ் பூட்டு) ரெகவரி கீ கேட்டது. "வைரஸ் லாக் பண்ணிருச்சுங்ணா. உடைக்கறதுக்குத் தனி சாஃப்ட்வேர் வெச்சிருக்கோம். 12,000 ஆகும், பாதி இப்பக் குடுத்துருங்க" என்றார் கடைக்காரர்.

அது வைரஸே இல்லை. இப்போது வரும் பல லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு உள்ளே நுழைந்ததும் டிரைவ் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடுகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்கிறது. நம்மைக் கேட்பதுகூட இல்லை. அதைத் திறக்கும் சாவி டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில் இருக்கும், அதுவோ மதர்போர்டோடு சேர்ந்தது. போர்டை மாற்றினால் புது போர்டுக்கு அந்தச் சாவி தெரியாது, அதனால் நம்மிடம் கேட்கிறது. அப்போது கொடுக்க வேண்டியது 48 இலக்க எண், ஆறு ஆறாக எட்டுக் கூறு. அது இல்லாமல் உடைக்கிற சாஃப்ட்வேர் எந்தக் கடையிலும் கிடையாது. எண் மட்டும் கையில் இருந்தால் டிரைவைக் கழற்றி, ஒரு யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டு, வேறொரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் சொருகி எண்ணை அடித்தால் போதும். எல்லா ஃபைலும் வந்துவிடும்.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. சாவியை எங்கே தேடுவது என்று அந்த நீலத் திரையிலேயே ஒரு முகவரி போட்டிருந்தது. என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய்ப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கடைக்காரர் சொல்வது உண்மைதான் போல என்று பணத்தைக் கட்டினேன். நல்ல காலம், அந்தத் திரையை ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்தேன்.

ஒரு வாரம் "ஓடிட்டிருக்குதுங்ணா", "தொண்ணூறு பர்சன்ட் முடிஞ்சுது" என்று போயிற்று. அதற்குள் என் அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்தான். படத்தைப் பார்த்தவன், "மாமா, இந்த லேப்டாப்ப வாங்குனப்ப செட் பண்ணுனது நானுங்க. என்னோட மெயில்லதான் மொதல்ல லாகின் பண்ணுனேன்" என்றான். அவன் கணக்கில் பார்த்தால் 48 எண்ணும் இருந்தது. கீ ஐடி என்று ஒன்று திரையில் வரும், அதன் முதல் எட்டு எழுத்துகள் என் படத்தோடு அப்படியே பொருந்தின. ஐந்து நிமிட வேலை, காசு செலவில்லை. (லேப்டாப்பைச் சில சமயம் விற்ற கடைக்காரரே தன் மெயிலைப் போட்டு செட் செய்து கொடுத்திருப்பார். உங்கள் கணக்கில் சாவி இல்லையென்றால் அவரிடம் கேளுங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் அங்கே ஐடி பார்ப்பவர்களிடம் இருக்கும்.)

எண்ணை எழுதிக்கொண்டு கடைக்கு ஓடினோம். மேசை மேல் லேப்டாப் இருந்தது, அதில் புது விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாளே ஃபார்மட் அடித்துவிட்டார்கள்! ஃபார்மட் செய்யும்போது, சாவியைப் பொருத்திப் பார்க்கிற தகவலும் அந்த டிரைவிலிருந்து போய்விடுகிறது. எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் டிரைவ்) என்றால் பழைய டேட்டாவையும் அதுவே துடைத்துவிடும். சரியான எண் கையில் இருந்தும் பொருத்துவதற்குப் பூட்டே இல்லை.

கடைசி வழியாகப் பழைய மதர்போர்டைக் கேட்டேன். ஆனால் என்ன, ஃபார்மட் ஆன பிறகு அதை ரிப்பேர் செய்தும் பயன் இருந்திருக்காது. அதற்கும் "ஸ்கிராப்புல போட்டாச்சுங்ணா" என்றுதான் பதில் வந்தது. அப்புறம்தான் அந்தப் பென்டிரைவை நீட்டினார்.

உங்களிடம் விண்டோஸ் லேப்டாப் இருந்தால், செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள், அதே லேப்டாப்பில் சேமிக்க வேண்டாம். ரிப்பேருக்குக் கொடுக்கும்போது டிரைவைக் கழற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். மதர்போர்டு வேலைக்கு அது தேவையே இல்லை. முடியாவிட்டால் "ஃபார்மட் செய்யக் கூடாது" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். என்னிடம் இருந்த ரசீது விசிட்டிங் கார்டின் பின்புறம் பேனாவில் எழுதிய "6000" மட்டும். ஜிபேயில் அனுப்பியதால் ஆதாரம் தப்பியது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். கடைக்காரர் இதுவரை 2,000 திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

ஜிஎஸ்டி ரிட்டர்ன்களை இணையத்திலிருந்து மறுபடி எடுத்துவிட்டேன். டேலிக்குப் போன தீபாவளி பேக்கப் இருந்தது, மீதியை ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஏற்றுகிறேன். மகளின் முதல் மூன்று வருடப் படங்களில், வாட்ஸாப்பில் அம்மாவுக்கு அனுப்பியவை மட்டும் கிடைத்தன. பெரிதாக்கிப் பார்த்தால் முகம் கலைந்து போகிறது.